நான்கு விரல் ஓரம்

கொப்பியில் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் நான்கு விரல் அகலம் விட்டுத்தான் இராசதுரை எழுதுவார். அந்த இடம் மறுப்பவர்களுக்கு. மாலை நாலரைக்குக் கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாலிஹின் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்து, அன்று எழுதிய ஊர் வரலாற்றை உரக்க வாசிப்பார். மறுப்பவர் தம் மொழியில், தம் கையால் எழுதவேண்டும். அரைமணி வாதாடித் தோற்றால் மட்டும் இராசதுரை அதன் கீழே, பெயரின் முதலெழுத்துகளால், ஒரு சுருக்கொப்பம் வைப்பார். முப்பது வருடம் தபால்காரராக இருந்தவர். ஒப்பமில்லாத எதையும் நம்பமாட்டார்.

"சந்திக் கிணறு வெட்டினது எங்கட மூத்தப்பா, மச்சான்! ஒங்கட ஆக்கள் தண்ணி மட்டுந்தான் குடிச்ச," என்றார் சாலிஹ்.

"வாய்க்குள்ள வெச்சிரிந்தா வரலாறாகுமா கா? எழுது."

சாலிஹ் எழுதினார்.

யுத்தம் முடிந்ததும், பத்தொன்பது வருடம் கழித்து ஊருக்குத் திரும்பிய பேக்கரிக்காரர் குணபால, அதன் கீழேயே சிங்களத்தில் எழுதினார். இராசதுரைக்குச் சிங்களத்தில் முகவரி மட்டுமே வாசிக்க வரும். சாலிஹ் வாசித்துச் சொன்னார்: "ஒங்கட எழுத்து இவர் சுடுற பாணை விட ருசியாம்."

"பொய் சொல்றான்! பாதிக் கிணறு எங்கட தாத்தா வெட்டின எண்டுதான் எழுதின," என்று குணபால தமிழில் கத்தினார்.

இப்போது அந்தக் கிணற்றை வெட்டியவர்கள் மூன்று தரப்பார். மூன்றுக்கும் ஒப்பம் இருக்கிறது.

இது இரண்டாவது கொப்பி. முதலாவதையும், அதை அலுமாரியில் பூட்டி வைத்திருந்த மனைவி அன்னப்பூரணியையும் கடல் ஒன்றாகக் கொண்டுபோனது.

ஊர் நூலகம் அச்சிடக் கேட்டிருக்கிறது. கொப்பியைக் கொடுப்பதற்கு முதல்நாள், கடைசியாகச் சுனாமிப் பக்கத்தை வாசித்தார். கடற்கரை வீதியில் இறந்தவர்கள், வீட்டு இலக்கத்தோடு, அவர் கடிதம் கொண்டுபோன வரிசையில். குரல் எங்கும் தடுமாறவில்லை. வாசித்து முடித்து, கொப்பியை மூடப்போனார்.

சாலிஹ் கையைத் துடைத்துக்கொண்டு அதைத் தன் பக்கம் இழுத்தார்.

"மறுப்பு இரிக்கி."

"என்ன மறுப்பு?"

"எட்டாம் நம்பர் வீட்டத் தாண்டிப் போயிட்டாய், மச்சான்."

"சொந்த வீட்டுக்கு ஆரும் தபால் குடுப்பானா கா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. சாலிஹ் ஓரத்தில் எழுதினார்: 'இல. 8. அன்னப்பூரணி.' குணபால எழுந்து வந்து, பக்கம் மடங்காமல் விரலால் அழுத்திப் பிடித்தார்.

இராசதுரை வாதாடவில்லை. பேனையை வாங்கினார். சுருக்கொப்பம் வைக்காமல், தன் முழுப்பெயரையும் அந்தப் பெயருக்குக் கீழே எழுதினார்.