தண்ணீருக்கும் ஒரு சீட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சரியாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். முன்னால் நடந்தது பின்னாலும் பின்னால் நடந்தது முன்னாலும் வந்துவிடும், பாதி மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். இளைஞர் மன்றத்தைத் திருத்திக் கட்டியதைப் பற்றி வீட்டுக்கு ஒருவர் எழுதித் தரவேண்டும், எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்து மன்றத்து அலமாரியில் வைக்கப் போகிறோம் என்று சொன்னார்கள். என் மகளை எழுதச் சொன்னேன். "நீதானே பேசுன, நீயே எழுது" என்று சொல்லிவிட்டு ஓடப் போய்விட்டாள்.

ஓடுவது என்றால் நிஜமாகவே ஓடுவது. போலீஸ் வேலைக்கு ஓட்டமும் உண்டாம். அவள் நைனாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரையில் முகத்துவாரம் வரைக்கும் ஓடித் திரும்புவாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து எனக்குப் பிறந்த ஒரே பிள்ளை. அவள் நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் பழவேற்காடு பஸ் நிற்கிற இடத்தில் கூடை வைத்து மீன் விற்கிறவள். கூவி விற்க எனக்கு வாய் வராது. வாங்குகிறவர்கள் தானாக வந்தால் உண்டு.

மகள் எழுத்துத் தேர்வில் முன்பே தவறியிருக்கிறாள். ஓட்டத்தில் எவளும் அவளைப் பிடிக்க முடியாது, படிப்பில்தான் கொஞ்சத்தில் போய்விடுகிறது. இந்தத் தடவையும் போய்விட்டால் வயது தாண்டிவிடும், அப்புறம் எழுதவே முடியாது. படிக்க இடம் இல்லை. எங்கள் வீடு ஒரே அறை, தகரக் கூரை. பகலில் உள்ளே உட்கார்ந்தால் வெந்துவிடும். எதிர் வீட்டுக்காரி டிவியை வைக்கிற சத்தத்தில் ஏரியில் இருக்கிற படகுக்கே கதை கேட்கும். மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்து நிழலுக்குப் போவாள். அங்கே போகிறவன் வருகிறவன் எல்லாம், "இன்னா மேடம், எப்போ எங்களப் புடிச்சி உள்ள வைக்கப் போற?" என்று கேட்டுவிட்டுப் போவான். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். நான் கூடையருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஈ ஓட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இப்போது மன்றத்துக்கு வருகிறேன். சுனாமிக்குப் பிறகு யாரோ வெளியிலிருந்து வந்து கட்டிக் கொடுத்த கட்டடம். பையன்கள் கேரம் ஆடுவார்கள், பளு தூக்குவார்கள், மிச்ச இடத்தில் கிழிந்த வலையும் ஆடும் கிடக்கும். ஒரு நாள் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மேலே இருந்து காரை பெயர்ந்து கேரம் போர்டின் நடுவில் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. வெள்ளையாகப் புழுதியோடு வெளியே ஓடிவந்த பையன்களில் ஒருவன், "சிவப்புக் காய் எனக்குத்தான், நான்தான் போட்டேன்" என்று கத்திக்கொண்டே வந்ததை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அதன் பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்கள். துறைமுகத்துப் பக்கம் வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிமெண்டு வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். கொத்தனாரை வெளியிலிருந்து அழைத்துக்கொள்வது, சித்தாள் வேலை ஊருடையது என்று முடிவானது. யார் எதைச் செய்வது என்று சச்சரவு வந்தபோது, "பாடு போட்டுடலாம்" என்று ஒருவர் சொன்னார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் எங்கள் ஊருக்கு முறை வரும்போது எந்த வீட்டுக்காரர் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். அதுதான் பாடு. சீட்டில் விழுந்ததை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அதே மாதிரி காரை உதிர்ப்பது, கம்பி தேய்ப்பது, மணல் சுமப்பது, தரை போடுவது என்று வேலைக்கெல்லாம் வீட்டுக்கு ஒரு சீட்டு. வேலை முடிந்த பிறகு மன்றத்துச் சாவியும் அதே வீடுகளுக்கு வாரத்துக்கு ஒரு வீடாகச் சுற்றிவரும். சாவி வைத்திருக்கிறவர்கள்தான் திறந்துவிட வேண்டும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர்த் தலைவர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், மூத்தவர். நல்ல மனுஷன். கூட்டத்தில் அவரேதான் சொன்னார்: "ஆம்பள இல்லாத வூட்டுக்கெல்லாம் எதுக்குப் பாரம்? அவங்கள வுட்டுடுங்க."

பெண்கள் வரிசையில் கடைசியில் நின்றிருந்த எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். மகள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"வேலைல நம்ம வூடு இல்லன்னா சாவிலயும் இல்ல. புரியுதா உனக்கு?"

"கேட்டா தொறந்து வுட மாட்டாங்களா?"

"யாரு? அவனுங்களா? இவ்ளோ வருசத்துல ஒரு பொண்ண உள்ள வுட்டானுங்களா? நம்ம கையில சாவி இருந்தா எவனும் கேக்க முடியாது. நீ போயி பெரியப்பாகிட்ட பேசும்மா. நான் பேசுனா வாயாடினுவாங்க."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் முன்னால் நின்று நான் பேசிப் பழக்கமில்லை. வீட்டுக்காரருக்கு மூத்தவர் என்றால் முக்காடு இழுத்து ஓரமாகப் போய்விடுவதுதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரிடம் நேரே ஒரு வார்த்தை பேசியிருக்கிறேனா என்று யோசித்தால் நினைவில் இல்லை. இருந்தாலும் போனேன். அவர் சம்சாரம் டீ கொடுத்தாள். முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். டீயைக் குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போன அன்று அவர்கள் வீட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து முழுக்க உரித்துக் கொடுத்துவிட்டு, கை நாற்றத்தோடு வந்து சேர்ந்தேன். இன்னொரு தடவையும் போனேன். அன்றும் டீதான். மகள் என்ன ஆயிற்று என்று கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

இதை எழுதும்போதுகூட மகள் வருகிறாளா என்று எழுந்து எழுந்து வாசலைப் பார்க்கிறேன். பழக்கமாகிவிட்டது.

சீட்டும் போட்டார்கள். பால்வாடிக் குழந்தை ஒன்றை விட்டுப் பானையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். காரை உதிர்க்கிற வேலை விழுந்தவன் தலையில் அடித்துக்கொண்டான், கம்பி விழுந்தவன் அவனைப் பார்த்துச் சிரித்தான். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தேன். மீன் கெட்டுக்கொண்டிருந்தது.

வேலை ஆரம்பித்தது. படகு தள்ளுகிற கழிகளை வலைக் கயிற்றால் கட்டிச் சாரம் போட்டார்கள். துருப்பிடித்த கம்பியைத் தேய்த்து முடித்தார்கள். மணல் வந்து குவிந்தது. பிறகு கொத்தனார் வந்தார். அனுப்பம்பட்டுக்காரர். வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டி, சிமெண்டு மூட்டையைப் பிரித்துக் கொட்டி மணலோடு கலந்துவிட்டு, நிமிர்ந்து கேட்டார்.

"தண்ணி எங்க?"

ஒருவன் ஓடிப்போய்ப் பக்கத்து உப்புக் கிணற்றிலிருந்து ஒரு வாளி கொண்டுவந்தான். கொத்தனார் விரலை விட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"இது இன்னா, தண்ணியா ரசமா? மொதல்ல கட்டுனவன் இதத்தான் ஊத்திக் கட்டியிருக்கான். அதான் கம்பி உப்பிக்கினு உங்க தலமேல வுழுது. நல்ல தண்ணி கொண்டாங்கய்யா. காத்து இப்படி அடிக்கிது, சிமெண்டு பறந்துபூடும்."

நல்ல தண்ணீர் என்றால் பஞ்சாயத்துக் குழாய். அது ஒருநாள் விட்டு ஒருநாள், அதற்கு மனம் வரும் நேரத்தில் வரும். கொஞ்ச நேரம் வரும், நின்றுவிடும். அதைப் பிடித்துச் சுமக்கிறது எல்லா வீட்டிலும் பெண்கள்தான். காரைக்குச் சீட்டுப் போட்டார்கள், கம்பிக்குப் போட்டார்கள், மணலுக்குப் போட்டார்கள். தண்ணீரை ஒரு வேலை என்று யாருக்கும் நினைக்கத் தோன்றவில்லை. அது வீட்டில் தானாக இருக்கிற பொருள் அல்லவா அவர்களுக்கு.

அன்று நல்லவேளையாகக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நானும் வரிசையில் இருந்தேன். ஆண்கள் வந்து, "ஆளுக்கு ரெண்டு கொடம் மன்றத்துக்குக் கொண்டாங்க" என்றார்கள்.

எதிர் வீட்டுக்காரிதான் முதலில் கேட்டாள். அவள் புருஷன் மீன்பிடிக்கக் கேரளாப் பக்கம் போய் மாதக்கணக்காக அங்கேயே இருக்கிறவன், அவள் வீட்டையும் சீட்டில் விட்டுவிட்டார்கள். "சீட்டு எடுத்தது நீங்க. தண்ணியும் நீங்களே தூக்குங்க."

"சோறாக்கவே தண்ணி பத்தல, இதுல மன்றத்துக்கு வேறயா?" என்றாள் இன்னொருத்தி.

ஒருவன் ரோஷப்பட்டுக் குடத்தை வாங்கி நிரப்பித் தோளில் தூக்கினான். பாதி அவன் மேலேயே கொட்டியது. "இடுப்புல வைய்யா, இடுப்புல! அதுக்குக்கூடப் பொண்டாட்டியக் கூப்புடுவியா?" என்று சிரித்தார்கள். அவன் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு எங்கிருந்து அந்த எண்ணம் வந்தது என்று தெரியவில்லை. என் முறை வந்ததும் குடத்தை நிரப்பினேன், இடுப்பில் வைத்தேன், மன்றத்தைப் பார்த்து நடந்தேன். "ஏக்கா, அவனுங்களுக்கு எதுக்குக் குடுக்கற?" என்று எதிர் வீட்டுக்காரி பின்னால் கத்தினாள். நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பேன்.

கொத்தனார் முன்னால் குடத்தை இறக்கினேன். அவர் கை நீட்டினார். நான் குடத்து வாயின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டேன்.

"வுடும்மா, சிமெண்டு பறக்குது."

தலைவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரை நான் பார்க்கவில்லை. கொத்தனாரைப் பார்த்தேன்.

"தண்ணிக்கும் சீட்டு போட்டாத்தான் ஊத்துவேன்னு சொல்லுங்க மேஸ்திரி."

கொத்தனார் தலைவரிடம் திரும்பினார். "தண்ணிக்கும் சீட்டு போடணுமாம்."

தலைவரும் என்னைப் பார்க்கவில்லை. "தண்ணிக்கு ஏது பாடுன்னு கேளு."

"ஏது பாடுன்னு கேக்கறாரு."

"சுமந்து பாத்தா தெரியும்னு சொல்லுங்க."

"சுமந்து... யோவ், நான் இன்னா போஸ்ட்மேனா? ரெண்டு பேரும் இங்கதானே நிக்கறீங்க! பேஜாரா பூட்ச்சே! கலவ போவுதுய்யா!"

எல்லாரும் சிரித்தார்கள். அதற்குள் குழாயடியில் இருந்த பெண்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். அத்தனை பேர் பார்க்கிறார்கள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் நேராக அவரிடமே சொன்னேன்.

"மாமா, என் பொண்ணுக்கு உக்காந்து படிக்க எடம் இல்ல. இந்த வாட்டி வுட்டா அவளுக்கு வயசு முடிஞ்சிடும். ஆம்பள இல்லாத வூடெல்லாம் தண்ணி சுமக்கறோம். எங்களுக்கும் சாவி குடுங்க."

தலைவர் சொன்னார்: "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா? வூட்டுக்கு வந்து வந்து டீ குடிச்சிட்டுப் போனியே!"

நான் கையை எடுத்தேன்.

அன்று மாலையே சீட்டுப் போட்டார்கள். ஆண் இல்லாத வீடுகளும், ஆண் வெளியூரில் இருக்கிற வீடுகளும் தண்ணீர் வீடுகள். சாயங்காலச் சாவி மற்ற வீடுகளுக்கு, பகல் சாவி எங்களுக்கு. அதே பானை, அதே குழந்தை. என் வீட்டுச் சீட்டு கடைசியாக வந்தது. கடைசி என்றால் எல்லாருக்கும் கடைசி. மகள் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். எங்கள் கைக்குச் சாவி வருவதற்குள் தேர்வு முடிந்துவிடும்.

"பரவால்லம்மா" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் பரவாயில்லை என்று அர்த்தமில்லை.

சீட்டில் விழுந்ததை மாற்றிக் கேட்கக் கூடாது. அது எனக்கும் தெரியும். கேட்டு வாங்கியது இதற்குத்தானா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனாலும் சொன்ன வேலையைச் செய்தோம். பூச்சு முடிகிறவரை சுமந்தோம், தரை போட்ட பிறகு அதன்மேல் ஊற்றி நனைக்கவும் சுமந்தோம். எனக்கு இடுப்பு விட்டுப்போனது. மகள் ஓடிவிட்டு வந்து எனக்குப் பதில் சுமப்பாள், ஒரு கையில் புத்தகம் இருக்கும்.

பகல் சாவியில் முதல் சீட்டு எதிர் வீட்டுக்காரியுடையது. மன்றம் திறந்த மறுநாள், வெயில் ஏறிய நேரம், அவள் எங்கள் வாசலில் வந்து நின்று சாவியை ஆட்டினாள்.

"ஏய் போலீசு! வா, தொறந்து வுடறேன். உக்காந்து படி."

மகள் அவளையே பார்த்தாள். "உங்களுக்கு எதுக்குக்கா கஷ்டம்?"

"எனக்கு இன்னா கஷ்டம்? நீ இங்க உக்காந்துக்கினு டிவிய கம்மி பண்ணுங்கக்கா, கம்மி பண்ணுங்கக்கானு உசுர எடுக்கற. நாடகம் ஒண்ணும் காதுல வுழல. நீ அங்க போ. நான் நிம்மதியா பாக்கறேன்."

அவள் வாரம் முடிந்து சாவி அடுத்த வீட்டுக்குப் போனபோது அந்த வீட்டுக்காரியிடமும் போய் என்ன சொன்னாளோ, அவளும் வந்து கூப்பிட்டாள். அதற்கடுத்தவளும் வந்தாள். மகளோடு இன்னும் சில பெண்பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். தேர்வுக்கு முந்தின நாள் வரைக்கும் போனாள்.

எழுதிவிட்டு வந்துவிட்டாள். எப்படி எழுதினாய் என்று கேட்டால், "ஓடிட்டு வரேன்" என்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. இந்த வாரம் சாவி என் முந்தானையில் முடிந்திருக்கிறது. மன்றத்துக்குள்ளே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தரை வழவழவென்று இருக்கிறது. மூலையில் பெண்பிள்ளைகள் முணுமுணுவென்று படிக்கிறார்கள். யார் கையிலாவது போன் சத்தம் போட்டால் முடிவு வந்துவிட்டதோ என்று எழுந்துவிடுகிறேன், பிறகு உட்கார்கிறேன்.

புத்தகம் தைக்கிறவர்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். காரை விழுந்தது பொங்கலுக்கு முன்னாலா பின்னாலா என்று எனக்கு நிச்சயமில்லை, கேரம் ஆடின பையன்களைக் கேட்டுப் பாருங்கள். கொத்தனார் அனுப்பம்பட்டுதானா, அதற்கு அடுத்த ஸ்டேஷனா என்றும் விசாரியுங்கள். குடத்தை வைத்துக்கொண்டு நான் பேசியதை எதிர் வீட்டுக்காரியிடம் கேட்டால் கூட்டிச் சொல்வாள், கொத்தனாரிடமே கேளுங்கள். தப்பு இருந்தால் அடித்துவிட்டுச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். தைப்பதற்குள் தேர்வு முடிவு வந்துவிட்டால், எதுவாக இருந்தாலும், அதையும் யாராவது பார்த்துக் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.