அம்மாட்ட சொல்லு மக்கா

பூவாரில் டூரிஸ்ட் போட் ஓட்டுகிறவர்களில் சஜுவைப் போல வாய் ஓயாத ஆள் இன்னொருவன் கிடையாது. தமிழ்க் குடும்பம் வந்தால் தமிழ், கொல்லத்துக்காரர் வந்தால் மலையாளம், வடக்கே இருந்து வந்தால் பாதி இந்தி, வெள்ளைக்காரன் வந்தால் அவனுக்கே புரியாத இங்கிலீஷ். கண்டல் காட்டுக்குள் போட்டை மெல்ல விட்டு மீன்கொத்தியைக் காட்டுவான். ஆறும் கடலும் சேருகிற பொழிமுகத்தில் நிறுத்தி, புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடிகளைச் சேர்ந்து நிற்க வைத்துப் படமும் எடுத்துக் கொடுப்பான். சாயங்காலம் பைக்கில் பாறசாலைப் பக்கத்துத் தன் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கியதும் அந்த வாய் எங்கே போகுமோ தெரியாது. நான்கு வருடத்துக்கு மேலாகப் பெஞ்சாதியிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

பெஞ்சாதி பிந்துஜாவுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ரத்தம் எடுக்க ஆறரை மணிக்கே அங்கே நிற்க வேண்டும். எந்தக் கையிலும் நரம்பை ஒரே குத்தில் பிடித்துவிடுவாள் என்று பெயர் வாங்கியவள். பேச்சும் அப்படித்தான், ஒரே குத்து.

இந்த இருவருக்கும் நடுவே பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. குடி இல்லை, அடி இல்லை, இன்னொருத்தி இல்லை. மகள் ஜோஸ்மிக்கு மூன்று வயதில் காய்ச்சல் ஏறி ஜன்னி வந்தது. பிந்துஜா பதினாறு தடவை போன் பண்ணினாள். சஜுவின் போன் தண்ணீர் படாமல் இருக்க பிளாஸ்டிக் கவரில் சுற்றி, போட்டில் சீட்டுக்கு அடியில் கிடந்தது. அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு சுயம்புவின் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மூன்று மணி நேரம் கழித்து சஜு வந்து சேர்ந்தபோது பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. வந்தவன் பேசாமலாவது நின்றிருக்கலாம்.

"நான் வந்து மட்டும் என்ன கிழிச்சிருப்பேன்? நானென்ன டாக்டரா?" என்றான்.

பயத்தில் வந்த பேச்சு அது. வழி முழுக்க நடுங்கிக்கொண்டே பைக் ஓட்டி வந்தவன். ஆனால் பயத்தில் சொன்னதா, திமிரில் சொன்னதா என்று கேட்கிறவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? பிந்துஜா அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான்கு நாள் சண்டையோடு போயிருக்கும். அதன்பிறகு பிள்ளையைப் பள்ளிக்கு யார் விடுவது, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது, குடும்பக்கூட்டத்துக்கு யார் போவது என்று எது வந்தாலும் அந்த ஒரு வார்த்தைதான் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது.

அந்த ஊரில் பிள்ளை பிறந்துவிட்டால் புருஷனும் பெஞ்சாதியும் ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. இவள் "ஜோஸ்மிக்க அப்பா" என்பாள், அவன் "ஜோஸ்மிக்க அம்மா" என்பான். கொஞ்சலாகப் பிள்ளையிடமே சொல்வதும் உண்டு. "அப்பா வந்தாச்சு மக்கா, சாயா வேணுமாண்ணு கேளு." எல்லா வீட்டிலும் உள்ள பேச்சுதான். அதனால் இந்த வீட்டில் அது எப்போது கொஞ்சலாக இல்லாமல் போனது என்று வந்துபோகிறவர்களுக்குத் தெரியவில்லை. சஜுவுக்கும் பிந்துஜாவுக்குமே தெரிந்திருந்ததா என்பது சந்தேகம்தான். கோயிலிலும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பழைய மிஷன் கிறிஸ்தவக் கோயில், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சேர்ந்து உட்காருகிற வழக்கமே இல்லாத இடத்தில் பிரிந்து உட்கார்ந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

விவரம் தெரிந்த நாள் முதல் ஜோஸ்மிக்கு இதுதான் வேலை. அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவிலுள்ள வாசல்படியில் நின்று, அந்தப் பக்கத்துப் பேச்சை வாங்கி இந்தப் பக்கம் கொடுப்பாள்.

"அப்பாட்ட சொல்லு மக்கா, கேஸ் தீர்ந்தாச்சு."

"அம்மாட்ட சொல்லு மக்கா, நாளைக்கு எடுத்திட்டு வாறேன்."

இரண்டு பேரும் பத்தடி தூரத்தில்தான் இருப்பார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை என்று நினைப்பீர்கள். விழாது. அடுக்களையில் மிக்ஸி ஓடும், முன்னறையில் டிவி ஓடும், இரண்டையும் வேண்டுமென்றே சத்தமாக வைத்திருப்பார்கள். கேட்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு எதுவும் கேட்பதில்லை.

சஜுவுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. வீடு உடைந்துவிடக் கூடாது. அவனுடைய அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு கோட்டுகாலில் போய்க் குடியேறியவர். தகப்பன் இல்லாத வீட்டில் வளர்வது எப்படி இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். போன ஒரு வருடமாக வீடு சரியாகி வருகிறது என்றும் அவன் நம்பினான். பிள்ளை கொண்டுவருகிற பேச்சில் ஒரு இளக்கம் தெரிந்தது.

"அப்பா, சாப்பிட வரணுமாம். நிங்களுக்கு இஷ்டம்னு அம்மா நெத்திலி பொரிச்சிருக்காவ."

"அப்பா, மழயில பைக்க மெதுவா ஓட்டணும்னு அம்மா சொன்னாவ."

இதைக் கேட்ட அன்று சஜு பழையகடை ஜங்ஷனில் பைக்கை நிறுத்தி, போட்டிருந்த மழைக்கோட்டைக் கழற்றாமலே ஒரு கடையில் ஏறி பிந்துஜாவுக்குக் குடை வாங்கினான். பிள்ளை கையில் கொடுத்துவிட்டான். பிந்துஜா அந்தக் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனதைப் பார்த்ததும் அவனுக்கு உலகமே நேராகிவிட்டது. மனுஷன் மகிழ்ச்சிப்பட இவ்வளவு போதும்.

ஏப்ரலில் பிள்ளை ஒரு நாள் வந்து சொன்னாள்: "அப்பா, வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சா நல்லா இருக்கும்னு அம்மாக்கு ஆச."

சஜு சீசன் நேரத்தில் ஒரு வாரம் லீவு போட்டான். ஆளை வைக்கவில்லை, தானே அடித்தான். முன்னறைக்கு வெளிர்மஞ்சள், அடுக்களைக்கு அவளுக்குப் பிடித்த பச்சை. லுங்கியிலும் தலையிலும் பெயின்டோடு ஏணியில் நின்றுகொண்டு பாட்டு வேறு. பிந்துஜா வேலை விட்டு வந்து சுவரைப் பார்த்தாள், பையை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். பிள்ளைதான் வந்து சொன்னாள்: "நல்லா இருக்காம்."

மே மாதக் கடைசியில் ஜோஸ்மிக்கு டான்சில் ஆபரேஷன் ஆனது. ஆபரேஷன் முடித்து அனுப்பும்போது டாக்டர் விரலை உயர்த்திக் காட்டினார். "அஞ்சு திவசம் மிண்டருது கேட்டோ. ஐஸ்கிரீம் மதி." அஞ்சு நாள் பேசவே கூடாது, ஐஸ்கிரீம் போதும். பிள்ளைக்கு ஐஸ்கிரீம் சந்தோஷம். தாய்க்கும் தகப்பனுக்கும்தான் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

முதல் இரண்டு நாள் எப்படியோ கழிந்தது. சாப்பாடு மேசையில் மூடி இருந்தது, எடுத்துச் சாப்பிட்டான். மருந்து நேரத்தை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள், பார்த்துக் கொடுத்தான். மூன்றாம் நாள் மதியம் பிந்துஜா அடுக்களையில் இருந்து வெளியே வந்து, அவனைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"வண்டி ஏற்பாடு பண்ணியாச்சா?"

சஜுவுக்கு முதலில் தன்னிடம்தான் கேட்கிறாள் என்றே புரியவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை என்பதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். "என்ன வண்டி?"

"சாமானம் ஏத்த வண்டி. ஒண்ணாந்தேதி மாறணும்லா?"

"எங்க மாறணும்?"

பிந்துஜா இப்போது திரும்பினாள். "நெய்யாற்றின்கரைக்கு. லேபுக்குப் பக்கத்துல வீடு பேசியாச்சு, நானும் பிள்ளையும் அங்க போறோம்னு மார்ச்சிலயே பிள்ளைட்ட சொல்லிவிட்டேன். சரி, வண்டி நான் பிடிச்சுத் தாறேன்னு நிங்க சொல்லிவிட்டிய."

"நானா? எனக்கு ஒண்ணும் தெரியாது பிந்து."

பெயர் வாயில் வந்துவிட்டது. இரண்டு பேரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பின்ன இந்தப் பெயின்டு?"

"நீதான அடிக்கணும்னு சொன்ன. உனக்கு ஆசன்னு."

"நான் எதுக்குச் சொல்லப் போறேன்? நாங்க போன பொறவு வீட்ட வாடகைக்கு விடத்தான் அடிக்கிறியன்னு நான் நினைச்சேன்."

சஜு நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டான். நெத்திலி? அது நான் பிள்ளைக்குப் பொரிச்சது. மழையில பைக்க மெதுவா ஓட்டச் சொன்னது? சொல்லல்ல. அவளும் கேட்டாள். எனக்க லேப் ஜோலிய நினைச்சா பெருமையா இருக்குன்னு சொன்னது? சஜு தரையைப் பார்த்தான். சொல்லல்ல. ஜன்னி வந்த அன்னைக்கு அப்படிப் பேசினதுக்கு வருத்தம்னு, போன கிறிஸ்துமசுக்குச் சொல்லிவிட்டது?

"அத நான் சொல்லியிருக்கணும்," என்றான் சஜு. "ஆனா சொல்லல்ல."

உள்ளறையில் கட்டிலில் கிடந்த ஜோஸ்மிக்கு எல்லாம் கேட்டது. அன்றைக்கு மிக்ஸியும் ஓடவில்லை, டிவியும் ஓடவில்லை. இருவரும் வாசலில் வந்து நின்றபோது அவள் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் போர்வைக்குள்ளிருந்து ஒரு நோட்டுத்தாள் வெளியே வந்தது. பென்சிலில் எழுதியிருந்தது: 'பொய் சொன்னது பாவம்னு தெரியும். சண்டை போடாதுங்கோ.'

எட்டு வயதுப் பிள்ளை ஒரு வருடமாகத் தனியாக ஒரு குடும்பத்தை நடத்தியிருக்கிறது. கெட்ட பேச்சையெல்லாம் தானே விழுங்கிவிட்டு, இல்லாத நல்ல பேச்சை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது. இந்தப் பிள்ளைக்கா தொண்டையில் நோவு வராது என்று சஜு நினைத்தான். முட்டாள்தனமான நினைப்புதான்.

அன்று சாயங்காலம்வரை இருவரும் அடுக்களையில் உட்கார்ந்து பேசினார்கள். சண்டை இல்லை. சண்டை போடுகிற அளவுக்கு இரண்டு பேரிடமும் மிச்சம் இல்லை. போகாதே என்று அவன் ஒரு தடவை கேட்டான். அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "எத்தன நல்ல பேச்சு வந்தாலும் நிங்க நேரா வந்து சொல்லல்லன்னுதான் வீடு பேசினேன். நிங்க மேல இப்பம் கோவம் இல்ல. ஆனா நான் பிள்ளை உண்டாக்கிச் சொன்ன ஆளுகூடத்தான் ஒரு வருசம் இருந்திருக்கேன். நிங்களும் அப்படித்தான்." வண்டியை அவனே பிடித்துத் தருவதாகச் சொன்னான்.

ஆறாம் நாள் காலை, பிள்ளை பேசலாம் என்று ஆனபிறகு, இருவரும் கட்டிலின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்கள். நீயும் அம்மாவும் நெய்யாற்றின்கரையில் இருப்பீர்கள், அப்பா இங்கேதான் இருப்பேன், சனிக்கிழமைதோறும் வருவேன். சஜு மனப்பாடம் செய்து வைத்திருந்ததைத் தடுமாறாமல் சொல்லி முடித்தான். பிள்ளை அழுதால் என்ன செய்வது என்பதுதான் அவனுடைய பயம்.

ஜோஸ்மி அழவில்லை. முகம் வாடித்தான் இருந்தது. கரகரத்த குரலில், "அவ்வளவு தூரத்துல இருந்து நான் எப்படி வந்து வந்து சொல்லுவேன்?" என்று கேட்டாள்.

"நீ இனி ஒண்ணும் சொல்லண்டாம் மக்கா," என்றான் சஜு. "நாங்களே சொல்லிக்கிடுவோம்."

"நெசமாட்டா?"

"நெசமாட்டு," என்றாள் பிந்துஜா.

பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவர்களை நம்பி ஒப்படைக்கலாமா என்று யோசிப்பது போல இருந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பம் கேட்டுக்கிடுங்கோ. அப்பா, அம்மாட்ட எடுத்த உடனே விசயத்தச் சொல்லப்பிடாது. சாப்பிட்டியான்னு மொதல்ல கேக்கணும். அம்மா, அப்பா பேசாம இருந்தா அது கோவம் இல்ல கேட்டியளா, பயமாக்கும். கொஞ்ச நேரம் காத்து நிக்கணும்."

சஜு சரி என்றான். பிந்துஜாவும் சரி என்றாள்.