உப்புக் கருவாடு

குஞ்சுகளுக்குத் தீவனத்தை மாற்றிய அன்று காலை கோழிக் கூடையைச் சுற்றி அம்மா, தங்கை, நான் மூவரும் இருந்தோம். அப்பா இல்லை. துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனவர் இரண்டு நாளாகத் திரும்பவில்லை. அவர் இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று பிற்பாடு பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் குற்றத்தில் கொஞ்சத்தை அவர் தலையில் ஏற்றப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இரண்டு பெட்டைகள் இருபத்திரண்டு குஞ்சு பொரித்திருந்தன. அவற்றை வளர்த்து ஜூனுக்குள் விற்றால் தங்கையை ஆறாம் வகுப்பில் சேர்க்கலாம். அம்மா இதை எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

குஞ்சுக்கு முதலில் ஊறவைத்த நொய், இறக்கை முளைத்ததும் இடித்த கம்பு, பிறகு கஞ்சியில் பிசைந்த தவிடு. இதுதான் அவள் வழக்கம். நானோ எங்கள் வீட்டிலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன். கோழித் தீவனம் பற்றி இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாள் எனக்குக் கிடைத்திருந்தது. எத்தனையாவது வாரம் எது போடுவது என்று அதில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். வளரும் குஞ்சுக்கு மீன் தூள் வேண்டும் என்று உரக்கப் படித்துக் காட்டினேன். கடற்கரைக்குப் போய்க் கருவாடு வாங்கி வந்து உரலில் இடித்தேன்.

“இம்மாத்தூண்டு குஞ்சுக்கு நொய்யே போதும், நைனா,” என்றாள் அம்மா.

“உனக்குத் தெரியாதும்மா. புஸ்தகத்துல கீது.”

“நீ சொன்னா சரி.”

“அப்போ அண்ணன் பாஸானதுகூட கருவாடு துன்னுதானா?” என்று தங்கை சிரித்தாள்.

மூன்றாம் நாள் குஞ்சுகள் தண்ணீர்த் தட்டை விட்டு நகரவில்லை. குடித்துக் குடித்து, நீராகக் கழிந்து, சாய்ந்தன. நான்காம் நாள் மாலைக்குள் பதினாறு போய்விட்டன.

“கருவாடு ஒத்துக்கலியா, இன்னா? அந்தத் தாள இன்னொரு தபா படி, நைனா.”

தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தை நான் அதுவரை படித்ததே இல்லை. உப்பு போட்ட மீன் கோழிக் குஞ்சைக் கொல்லும். உடனே நிறுத்தி நல்ல தண்ணீர் கொடுத்தால் மிச்சம் பிழைக்கும் என்று இருந்தது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கருவாட்டால இல்லம்மா. இது கோழிச் சீக்கு,” என்றேன்.

மறுநாள் அம்மா மிச்சமிருந்த ஆறு குஞ்சுகளையும் இரண்டு பெட்டைகளையும் அறுத்து, குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினாள். பெட்டைகளையாவது விற்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதற்கு, “சீக்குக் கோழிய இன்னொருத்தி புள்ளைக்குத் துன்னக் குடுக்கச் சொல்றியா? எம்மவன் படிச்சவன், பார்த்துட்டுத்தான் சொல்லிக்கீறான்,” என்றாள்.

மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தது நான். அப்போதுகூட வாயைத் திறக்கவில்லை. பெட்டைகள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஒன்று அவள் கையைக் கொத்தியது.

ஜூனில் தங்கை பள்ளிக்கூடம் போகவில்லை. சாக்கு தைக்கிற கிடங்குக்குப் போனாள். அங்கே அவள் வாங்கிய முதல் கூலியில் எனக்கு ஒரு பேனா வாங்கி வந்தாள்.

குஞ்சு வளர்ந்தால் இரண்டு ரூபாய், பெட்டை நாலு ரூபாய் போகும் காலம் அது. கருவாட்டால் போனது முப்பத்திரண்டு ரூபாய். என் பொய்யால் போனது இருபது. மொத்தம் ஐம்பத்திரண்டு ரூபாய்.