எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் படத்தில் பெய்த பனி

டிசம்பர் பிறந்தால் போதும், ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் பட்டியல் போட்டுவிடுவார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய படங்கள். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு கேட் பாஸ் எழுதிக் கொடுக்கும் ஆபீஸ் எங்களுடையது. வெளியே கால் வைத்தால் புழுதி கணுக்கால் வரை ஏறும். பட்டியலில் இருக்கும் படங்களிலோ ஒரே பனி. கூரை மேல் பனி, மரத்தின் மேல் பனி. கடைசியில் கோபித்துக்கொண்டு போனவன் பனியில் நடந்து வந்து கதவைத் தட்டுவான், குடும்பம் ஒன்றாகிவிடும். இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் எல்லோரையும் மன்னித்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருஷம் பக்கத்து மேஜைக்காரர் கேட்டார். "நீங்கதான் கிறிஸ்டியன் ஆச்சே, உங்க வூட்ல இன்னா படம் பாப்பீங்க?"

"எங்க வூட்ல ஒரே படந்தான். இருபது வருஷத்துக்கு மேல அதையேதான் பாத்துகினு கீறோம்."

படத்தின் பேரைக் கேட்டார். பேரெல்லாம் கிடையாது என்றேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அது எங்கள் வீட்டிலேயே எடுத்த படம். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓட்டு வீட்டை இடித்து அப்பா மாடி வைத்துக் கட்டிய வருஷம், புது வீட்டில் முதல் கிறிஸ்துமஸை வீடியோ எடுத்தே தீர வேண்டும் என்று நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். மேலே உட்கார்ந்து கீழே இருப்பவர்களுக்குக் கை காட்டியே பழகியவர், சொன்னால் சொன்னதுதான். தெருமுனை ஸ்டுடியோக்காரர் கேமராவோடு காலையிலேயே வந்துவிட்டார். கல்யாணமும் மஞ்சள் நீராட்டும் எடுத்துப் பழகிய மனுஷர், எங்களையும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரியே வரிசையில் நிறுத்தி எடுத்தார். பூசைக்குக் கிளம்புவது, பிரியாணி, குடில், கேக் வெட்டுவது, அக்கம்பக்கத்துக்குத் தட்டில் பலகாரம் அனுப்புவது என்று முக்கால் மணி நேரம் ஓடும்.

அதில் பாதி இடங்களில் அக்கா இருந்தாள். இருக்கத்தானே செய்வாள். நான் ஆறாவது படிக்கும்போதே அம்மா செத்துப்போய்விட்டாள். அதிலிருந்து வீட்டை நடத்தியது அக்காதான். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று அவளுக்கு இருபத்து மூன்று வயது, எனக்கு இருபது. இருபது வயதிலும் என் சட்டைக்கு அவள்தான் இஸ்திரி போட்டாள்.

அடுத்த ஆகஸ்டில் அவள் போய்விட்டாள். தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டாள். புளியந்தோப்பு குடியிருப்பில் வீடு, புத்தரைக் கும்பிடுகிற குடும்பம். மதம் வேறு, அதனால்தான் என்று அப்பா வெளியில் சொன்னார். உள்ளே இருந்தது சாதி. மதத்தைச் சொன்னால் கௌரவம், சாதியைச் சொன்னால் பாதிரியார் ஏதாவது கேட்பாரே. முதல் வாரம் ஆல்பத்தை எடுத்துவந்து அவள் இருந்த போட்டோக்களை எல்லாம் ஒவ்வொன்றாகக் கிழித்தார். கிழித்து முடித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அதற்கு மேல் அவர் எதுவும் செய்யவில்லை. இதை நான் வெகுகாலம் யாரிடமும் சொன்னதில்லை.

டிசம்பர் வந்தது. டிவி பக்கத்தில் இருந்த அந்த சீடியைப் பார்த்துவிட்டு அப்பா, "இத்த இனிமே போடாத," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எடுத்து உள்ளே வைத்திருந்தால் முடிந்தது. நான் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன்.

ஏன் போனேன் என்று இப்போது கேட்டால் அப்பாவுக்காக என்று சொல்லலாம், அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதைவிட அசிங்கமானது. அவள் போனதில் எனக்குச் சோறு போட ஆளில்லை. நாலு மாதமாக ஓட்டல் சாப்பாடும் வெந்தும் வேகாத என் சமையலும். என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் போனாளே என்று உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. பாசம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன்.

ஸ்டுடியோக்காரர் அசல் படம் இருந்த மாஸ்டர் கேசட்டைக் கம்ப்யூட்டரில் போட்டார். நான் அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் வருகிற இடத்தையெல்லாம் விரலால் தொட்டுக் காட்டினேன். வெட்டி எடுத்தால் பாட்டு நடுவில் நடுவில் அறுந்துவிடும், படம் குதிக்கும் என்றார். யோசித்துவிட்டு அவரே வழியும் சொன்னார். "கல்யாணம்னா ரோஜாப் பூவு போட்டு மூடிருவேன் தம்பி. இது கிறிஸ்மஸாச்சே, பனி போட்டுறலாம்." ஜோடிகளுக்குப் பின்னால் ஓட்டுவதற்கென்று அவரிடம் வெளிநாட்டுப் பனிமலைக் காட்சிகள் கொஞ்சம் இருந்தன. அதை எடுத்து அக்கா மேல் போட்டார். அவள் பிரியாணி அண்டாவைத் திறக்கிற இடத்தில் ஒரு மலை. குடிலில் மாட்டுப் பொம்மையை நிமிர்த்தி வைக்கிற இடத்தில் ஊசியிலை மரங்கள். என் காலரைச் சரிசெய்கிற இடத்தில் பொலபொலவென்று பனி, அதில் அவளோடு சேர்ந்து நானும் மறைந்துபோனேன். மொத்தம் பதினோரு இடம். ஆள் தெரியாத இடங்களை அவர் தொடவில்லை, நானும் சொல்லவில்லை.

முடிந்ததும் கேட்டார். "மாஸ்டர வச்சிக்கிறியா தம்பி, இல்ல அடுத்த கல்யாணத்த இது மேலயே எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்கங்க," என்றேன். வீட்டிலிருந்த பழைய சீடியை நானே இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டேன். ஏதோ பெரிய வேலையை முடித்துவிட்ட மாதிரி கை கழுவியதுகூட ஞாபகம் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் போட்டுக் காட்டினேன். முதல் பனி வந்ததும் அப்பா கேட்டார். "இன்னாடா இது?"

"அத்த எடுத்துட்டேன் நைனா." அதை என்று நான் சொன்னது அக்காவை.

அவர் திட்டவில்லை, சபாஷ் என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து பார்த்தார். கேக் வெட்டுகிற இடம் தாண்டியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அடுத்த வருஷம் நான் கேட்காமலே அவரே சீடியைப் போட்டார். அதற்கடுத்த வருஷமும். எனக்குக் கல்யாணமாகி என் மனைவி வந்தாள், சீடி தேய்ந்து பென் டிரைவுக்கு மாறியது, படம் மட்டும் மாறவில்லை. ஃபேன் சுற்றச் சுற்ற வேர்வை வழிய உட்கார்ந்து, ராயபுரத்தில் சுவிட்சர்லாந்துப் பனி பெய்வதைப் பார்ப்போம். ஒவ்வொரு வருஷமும் கேக் முடிந்ததும் அப்பா எழுந்து போய்விடுவார். நல்ல இடம் இனிமேல்தானே வருகிறது, பலகாரத் தட்டெல்லாம் இருக்கிறதே என்பேன். காதில் வாங்க மாட்டார். நான் செய்த வேலை அவருக்குப் பிடித்துப்போனதால்தான் வருஷா வருஷம் பார்க்கிறார் என்று இருந்துவிட்டேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மத்தியானம் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "அந்தப் பழசு எங்கனா கீதாடா? பனி இல்லாதது?"

"ஸ்டுடியோவ மூடிட்டாங்க நைனா. அவரு தொலைச்சிட்டாராம்."

தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாகப்போகிறவரிடம் சொன்ன பொய்யாவது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டாமா? அதுவும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

அப்பா செத்தபோது அத்தை மூலம் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினோம். அவள் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அத்தை, "பெத்த அப்பன் சாவுக்கே வராத கல்லு நெஞ்சுக்காரி," என்றாள். நான் ஆமாம் போட்டேன். அதற்கப்புறமும் நாலு பேரிடம் அதையே சொன்னேன்.

போன கிறிஸ்துமஸுக்கு என் மனைவிதான் பிடிவாதமாகப் போன் போட்டு அக்காவைக் கூப்பிட்டாள். நாலு வருஷமாகக் கூப்பிட்டு, ஐந்தாவது வருஷம் வந்தாள். கூடவே காலேஜ் படிக்கிற மகள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் அக்காவைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தேன். கேமராவுக்கு முன்னால் நின்ற அக்காவின் அதே முகம், அதே முன்பல்.

சாப்பாடு ஆனது. பிறகு அக்கா விஷயத்துக்கு வந்தாள்.

"நான் ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான்டா வந்தேன். இந்தப் பொண்ணு அவ வயசுல நான் எப்பிடி இருந்தேன்னு கேட்டுகினே கீது. எங்கிட்ட ஒரு போட்டோ இல்ல, கட்டின பொடவையோட போனவ நானு. அந்தக் கிறிஸ்மஸ் படம் வேணும். வெட்டாதது."

நான் சாப்பிட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"நைனா என்னிய வெட்டிட்டு அங்க பனியக் கொட்டி வச்சிக்கிறாருன்னு அத்தை அப்பவே சொல்லிச்சு. போட்டோவக் கிழிச்சது கோவம், அத்த வுட்டுட்டேன். இது கோவமில்ல. ஸ்டுடியோக்காரரக் குந்த வச்சி ஒவ்வொரு எடமாத் தேடி எடுத்திருக்காரு. அதான் சாவுக்கும் வரல. ஆனா மாஸ்டர எங்கனா வச்சிருப்பாரு. தூக்கிப் போட அவருக்கு மனசு வந்திருக்காது."

டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி வழக்கம்போலப் போட்டுவிட்டிருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது. அக்காவின் மகள் பனியைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, நம்ம ராயபுரத்துல இவ்ளோ பனி," என்று சிரித்தாள்.

"நைனா இல்லக்கா," என்றேன். "நான்."

புரியாமல் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்து விரல் வைத்துக் காட்டியது, மாஸ்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னது, பழைய சீடியை உடைத்தது, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். என் மனைவி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். டிவியைக் காட்டி, "சொல்லு. இந்தப் பனிக்கு உள்ள இன்னா கீது, அவளுக்குச் சொல்லு," என்றாள்.

சொன்னேன். அந்த மலைக்குப் பின்னால் உங்கம்மா அண்டாவைத் திறக்கிறாள், ஆவி முகத்தில் அடித்து ஒதுங்குகிறாள். இந்த மரங்களுக்குப் பின்னால் குடிலில் மாடு விழுந்துவிட்டது, அதை நிமிர்த்துகிறாள். பச்சைப் புடவை, தலையில் கனகாம்பரம். ஒரு இடத்தில்கூட எனக்குத் தடுமாறவில்லை. விரல் வைத்துக் காட்டியவன் ஆயிற்றே. அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கேக் வெட்டுகிற இடம் வந்தது. படத்தில் அப்பா மட்டும், கையில் கத்தி. கேமரா ஓடுகிறது என்று முகத்தை விறைப்பாக வைத்திருக்கிறார். படத்துக்கு வெளியிலிருந்து ஒரு பெண் குரல் வருகிறது. "நைனா, இங்க பாரேன்." அப்பா அந்தப் பக்கம் திரும்பி, விறைப்பெல்லாம் போய், வாய்விட்டுச் சிரிக்கிறார். மூன்று நொடி இருக்கும். பிறகு கேக் துண்டுகள்.

"அம்மா, இது உன் குரல்," என்றாள் மகள்.

"இந்த எடம் வரைக்கும்தான் நைனா பாப்பாரு," என்றேன். "இத்தப் பாத்துட்டு எழுந்து போயிடுவாரு. ஒவ்வொரு வருசமும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே அது உறைத்தது. இருபது வருஷம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எனக்குத் தெரியவில்லை.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "திருப்பிப் போடு," என்றாள். போட்டேன். அப்பா திரும்பினார், சிரித்தார். இன்னொரு தரம் என்றாள். மூன்றாவது தரம் ஓடி முடிந்த பிறகு, டிவியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இந்த மனுசனோட சாவுக்கு நான் வரலையேடா."