மைனஸ் ஏழை ஏன் அடிக்கவில்லை

பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு என்றாலே எனக்கு வேப்பங்காய். ஒரு கணக்குக்கு ஒரு விடை போதாதா, இரண்டு மூலம் எதற்கு என்று எரிச்சலாக வரும். மைனஸில் வந்ததை அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

சித்தி விடமாட்டாள். அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில் தங்கி, வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“இத இன்னாத்துக்கு அடிச்ச?”

“மைனஸ் சித்தி.”

“அதெல்லாம் ஒரு காரணமா? எங்க லைன்ல ஒரு பீஸ ஒதுக்கணும்னா சிவப்பு டேக்ல காரணம் எழுதணும். எழுத முடியலன்னா அது நல்ல பீஸு. திரும்ப எடுத்துக்கணும்.”

அது ஒரு தோட்டத்தின் அளவைக் கேட்ட கணக்கு. ‘தோட்டத்தின் அகலம் மைனஸில் இருக்காது’ என்று பக்கத்தில் எழுதும்வரை நோட்டைத் தரமாட்டாள். இம்சைதான்.

அந்தச் சமயம் மணிமங்கலத்திலிருந்து வந்து சித்தியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போதுகூடத் தானாகச் சிரித்துக்கொண்டாள்.

பரீட்சையில் ஒரு கணக்கு வந்தது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் மூன்று மடங்கைக் கூட்டினால் இருபத்தெட்டு. அந்த எண் என்ன? நான்கு வந்தது, மைனஸ் ஏழும் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் மைனஸ் ஏழை அடித்துவிட்டார்கள். நானும் அடிக்கத்தான் போனேன். காரணம் எழுதப் பேனா ஓடவில்லை. போட்டுப் பார்த்தால் அதுவும் சரியாகவே வந்தது. இரண்டையும் எழுதினேன். ஐந்துக்கு ஐந்து.

திருத்திய தாளோடு சனிக்கிழமை வீட்டுக்குள் ஓடினால் ஒரே அமைதி. ‘ஒத்துவராது’ என்று மணிமங்கலத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்களாம். ஏன் என்று சொல்லவில்லை.

“கேட்டா நமக்குத்தான் அசிங்கம். வுட்டுடு” என்றாள் அம்மா.

எனக்கு என் மார்க்தான் பெரிது. தாளைச் சித்தியின் மடியில் போட்டேன். அழுத கண்ணோடு பார்த்தவள் மைனஸ் ஏழைத் தொட்டு, “இத ஏன் அடிக்கல?” என்றாள்.

“காரணம் எதுவும் கெடைக்கல சித்தி. அதான் வெச்சிக்கினேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மாப்பிள்ளைக்கே போன் போட்டாள்.

“வேணாம்னா வேணாம். காரணத்த மட்டும் சொல்லுங்க, கேட்டுகினு வெச்சிடறேன்.”

அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. பெரியவர்கள் யாரோ முகம் சுளித்ததற்குத் தலையாட்டியிருக்கிறார். மறுநாள் காலையில் பைக்கில் வந்து எங்கள் வாசலில் நின்றார். இன்று அவர்தான் என் சித்தப்பா.

அன்று அம்மா அவசர அவசரமாகக் கேசரி கிண்டினாள். என் ஐந்து மார்க்குக்குத்தான் என்று நினைத்து, அவருக்கு எடுத்து வைத்ததையும் சேர்த்துத் தின்றுவிட்டேன்.