மாரிசெல்வி எழுதிவைத்த உலக முடிவு

வல்லம் வடகாலில் வயர் கட்டும் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டுகிறேன். மாரிசெல்வி என் முதுகுக்குப் பின்சீட்டில் உட்காருவாள். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண். தமிழில் எம்.ஏ. படித்துவிட்டு வயர் கட்டும் லைனில் நிற்கிறாள். ஆராய்ச்சிப் படிப்பில் சேர வேண்டும், அந்த ஏக்கம்தான் எந்நேரமும். தலைப்பைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உலகம் எப்படி அழியும் என்று காலம்காலமாக என்னென்ன எழுதிவைத்தார்கள் என்பதாம்.

"பழைய பாட்டுல கடல் வந்து ஊர முழுங்கும், அண்ணாச்சி. பொறவு வந்தவங்களுக்குக் கலி முத்துனா முடிவு. இப்ப எழுதுதவங்களுக்குக் கொழாயில தண்ணி நின்னாலே முடிஞ்சிரும்."

"அப்ப நம்ம ஹாஸ்டல்ல தெனமும் முடியுது," என்றாள் அவளோடு வேலை செய்யும் காவேரி. "அழியறதா இருந்தா திங்கக்கெழம காலைல அழியச் சொல்லுக்கா. ஞாயித்துக்கெழமன்னா லீவு வீணாப்பூடும்."

மாரிசெல்வி சிரிக்கவில்லை. "பயந்து எழுதுனவங்க கொஞ்சந்தான். உலகத்த விட மனசில்லாமத்தான் நெறய பேரு எழுதிருக்காங்க."

கம்பெனியில் வயரைச் சரிபார்த்துக் குறித்துவிட்டுக் கழித்துப்போட்ட செக் ஷீட்டின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். லீவு நாளில் அதில் நாலைந்தை மடித்துக்கொண்டு சென்னை நூலகத்துக்குப் போவாள். அங்கே படித்து எழுதிவந்ததை மறுநாள் பஸ்ஸில் என்னிடம் சொல்வாள். எழுதியதை, எட்டுப் பேர் புழங்கும் ஹாஸ்டல் ரூமில் வைக்காமல், கம்பெனி லாக்கரில் பூட்டிவைத்தாள். மூன்று வருசக் கட்டு.

ஆராய்ச்சிப் படிப்பில் சேரத் திங்கட்கிழமை கல்லூரியில் காட்ட வேண்டும் என்று வெள்ளிக்கிழமை மொத்தமாக வெளியே எடுத்தாள். கம்பெனி கேட்டில் காவலாளிகள் பிடித்துக்கொண்டார்கள். முன்பக்கம் கம்பெனி விவரம் இருக்கிறதாம். அவள் கண்ணெதிரே பேப்பர் கிழிக்கும் மெஷினில் விட்டுக் கிழித்துவிட்டார்கள்.

பஸ்ஸில் ஏறியவள் அழவில்லை. "அண்ணாச்சி, நான் சொன்னதெல்லாம் ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"கீதும்மா. எழுதிக்க."

ஹாஸ்டல் இருக்கும் சுங்குவார்சத்திரம் வரும்வரை சொன்னேன். கடல், காற்று, தீ, விடாத மழை. காவேரியிடம் வாங்கிய நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"எந்தப் புஸ்தகம், எத்தனாவது பக்கம்னு சொன்னேனா?"

"அத்த நீ சொன்னதில்லயேம்மா."

திங்கட்கிழமை அவள் ஷிப்டுக்குத்தான் வந்தாள். இனி அடுத்த வருசம்தான் சேர்ப்பார்களாம். மறுபடி கடலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். நோட்டில் எழுதினாலும் பேப்பரை அவள் நம்புவதில்லை. காலையில் ஏறியதும் பக்க எண்ணோடு என்னிடம் சொல்கிறாள். கம்பெனி வருவதற்குள் நான் திருப்பிச் சொல்ல வேண்டும்.

நேற்று ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. எல்லோரும் இறங்கிய பிறகும் படியில் நின்றாள்.

"நூத்திப் பதினாலு, அண்ணாச்சி," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.