லாரிக்கு ஊற்றிய நாலு குடம் நல்ல தண்ணீர்

லூர்தம்மாள் அக்கா இன்று காலை ஐந்தேகால் மணிக்கு இறந்துவிட்டார்கள்.

எங்கள் லாரியை ஓட்டிய அந்தோணி அண்ணனின் மனைவி. அண்ணன் போய் ஆறு வருடம்... இப்போது அக்காவும். அடக்கம் நாளை காலை பத்து மணிக்கு.

செய்தியை மட்டும் பதிந்துவிட்டு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். முடியவில்லை.

1979, கோடைக்காலம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு லாரி. உப்பளத்தில் ஏற்றித் துறைமுகத்தில் இறக்கும். அப்பா இடுப்பு ஒடிந்து படுக்கையில். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த கையோடு, பத்தொன்பது வயதில், லாரியின் பொறுப்பு என் தலையில்.

உப்பு லாரியில் முதலில் அரிப்பது அடிப்பாகம்தான். எஞ்சினுக்குக் கீழே ஆயில் நிற்கும் தகரத் தொட்டி, அதாவது ஆயில் சம்ப், துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருந்தது. ஓட்டத்தில் ஆயில் வடிந்து தீர்ந்தால் எஞ்சின் போய்விடும். எஞ்சின் போனால் எங்கள் வீட்டிலும் அந்தோணி அண்ணன் வீட்டிலும் அடுப்பு எரியாது.

ஒர்க்ஷாப்பில் துளையை அடைத்துக் கொடுத்தார்கள். பெயிண்ட் அடிப்பதை எங்கள் வீட்டு முற்றத்தில் நானே செய்வதாக ஏற்றுக்கொண்டேன்.

விதிப்படிதான் செய்தேன். மண்ணெண்ணெயில் துடைப்பது, எமரித்தாளால் தேய்ப்பது, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், கறுப்பு இரண்டு கோட், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள்... பாடப்புத்தகத்தைப் பார்த்து வரிசை எண் போட்டு எழுதி, தாளைச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தேன்.

சம்பை லாரியில் மாட்டி ஓட்டிய பத்தாவது நாள் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. நகத்தால் கீறினால் உள்ளே ஈரத்துரு.

அந்தோணி அண்ணன் மறுபடி ஆயிலை இறக்கி, சம்பைக் கழற்றிக் கொடுத்தார். "வியாழக்கெழம லோடு இருக்கு தம்பி" என்றார்.

பெயிண்டுக்கு அடியில் உப்பு தங்கிவிட்டது என்று மட்டும் எனக்குப் புரிந்தது. ஆகவே எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, எங்கள் கிணற்றில் பத்து வாளி இறைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பிரைமர் டப்பாவைத் திறந்தேன்.

அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து அக்கா வந்தார்கள். குனிந்து, ஈரவிரலால் தகரத்தைத் தொட்டு, நாக்கில் வைத்தார்கள்.

"தம்பி, எந்தத் தண்ணியில கழுவுனிய?"

"கிணத்துத் தண்ணிதான் அக்கா."

"அதான பாத்தேன். இத மீன் கொழம்புல ஒரு முக்கு முக்குனா, தனியா உப்பு போட வேண்டாம்."

எங்கள் கிணறு முழு உவர். சோப்பு நுரைக்காத தண்ணீர் என்பது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும்... ஆனால் கழுவும்போது நினைவுக்கு வரவில்லை.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. சுவரில் இருந்த தாளைப் பார்த்து, "இதுல நல்ல தண்ணி எங்கன போட்டிருக்கு?" என்று கேட்டார்கள்.

எங்கும் போடவில்லை.

நல்ல தண்ணீர் அன்று தெருக்குழாயில் மூன்று நாளுக்கு ஒரு முறை. அக்கா தன் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக நாலு குடம் தூக்கி வந்தார்கள். அவர்கள் ஊற்ற, நான் தேய்க்க... ஒவ்வொரு குடத்துக்குப் பிறகும் விரல், நாக்கு. "கரிக்கி." "இன்னும் கரிக்கி." நாலாவது குடத்தில்தான் தலையசைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அந்தோணி அண்ணன் வந்து நின்றார். "ஏளா, நல்ல தண்ணியில சம்புக்கு ஞானஸ்நானமா குடுக்க?"

"ஆமா, நீங்க ஞானத்தகப்பனா வந்து நில்லுங்க."

மூன்று பேரும் சிரித்தோம்.

மறுநாள் ஞாயிறு. அக்காவின் மூன்று பிள்ளைகளும் தலையில் எண்ணெயைத் தடவி, முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு பூசைக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நல்ல தண்ணீரில் தலைக்கு ஊற்றுவது அந்த வீட்டு வழக்கம்... அந்த நாலு குடம் எதற்கு வைத்திருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்காவிடம் போய் நின்றேன். 

"ஆண்டவரு என்ன மோந்தா பாக்கப் போறாரு? போங்க தம்பி, போயி கறுப்ப அடிங்க."

வியாழக்கிழமை லாரி லோடுக்குப் போனது.

தாளில் ஓர் எண் சேர்த்தேன்: "நல்ல தண்ணீர், கரிப்பு போகும் வரை." லாரியை விற்கும்வரை ஐந்து வருடம், ஆண்டுக்கு ஒரு முறை சம்பைக் கழுவி மேல்கோட் கொடுத்தோம், ஒரு கொப்புளம் எழவில்லை. குழாய் வரிசையில் நான் நிற்பேன். நாக்கில் வைத்துச் சொல்வது அக்காதான்.

பிறகு கப்பல்களின் பெயிண்டைச் சோதிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. சொல்லப் போனபோது, "கப்பலையும் நக்கித்தான் பாப்பியளோ?" என்றார்கள்.

இரும்பில் தங்கிய உப்பை அளக்க இப்போது கருவி இருக்கிறது. ஆனாலும், பக்கத்தில் யாரும் இல்லாதபோது விரல் நாக்குக்குப் போய்விடுகிறது...

இன்று காலை ஏழு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவைக் குளிப்பாட்டப் பெண்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். தெருக்குழாயில் வரிசையில் நின்று நாலு குடம் பிடித்து வந்தேன்.

மூத்த மகன் தடுத்தான். "வீட்டுக்குள்ளயே பைப்பு இருக்கு அண்ணாச்சி. நீங்க எதுக்கு செமக்கிய?"

"இருக்கட்டும்" என்றேன்.

உள்ளே கொடுக்குமுன், விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

கரிக்கவில்லை அக்கா. நல்ல தண்ணீர்தான்... போய் வாருங்கள்.